தாழ்ப்பாள் போட்டுக் குளிக்க

குளியலறையில் தண்ணீர் ஒழுகுகிறது என்று யாராவது போன் செய்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். நான் போட்ட ஒட்டு ஒழுகாது. பதினோரு வருடமாக ஒழுகியதில்லை. அதனால் குமாரபாளையத்திலிருந்து கோகிலவாணியம்மா போன் செய்து, "தண்ணி ஊடு பூரா வந்துருச்சுங்க அம்மிணி" என்று அழுதபோது, "குழாயைத் திறந்து விட்டுட்டு மறந்திருப்பீங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அப்படிப் பேசியதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

என் பெயர் ஜெர்லின். சேலம் அரிசிப்பாளையத்தில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் ஜெபஸ்டின் பிளம்பர். கல்யாணத்துக்கு முன்னால் அஸ்தம்பட்டியில் ஒரு பேக்கரியில் கேக்குக்குக் கிரீம் போடும் வேலையில் இருந்தேன். கூம்புப் பையைப் பிடித்து, கை நடுங்காமல், ஒரே தடிமனில் கோடு இழுக்க வேண்டும். இவர் ஒரு வாஷ்பேசின் ஓரத்தில் ஒழுகாமலிருக்கச் சிலிக்கான் பசை அடிப்பதை ஒருநாள் பார்த்தேன். கோழி கிளறிய மாதிரி இருந்தது. "இங்க குடுங்க" என்று கையிலிருந்து பிடுங்கி நானே இழுத்தேன். அன்றிலிருந்து குழாய் வேலை அவருக்கு, ஒட்டு வேலை எனக்கு. அவர் ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசுவார். மிச்சத்தை நான் பேசிக்கொள்வேன்.

கோகிலவாணியம்மா வீட்டுக்குப் பின்னால் ஆறு விசைத்தறி ஓடுகிறது. கணவர் இல்லை. ஒரே பையன் கௌதமன், இருபத்தேழு வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஈரோட்டுக்குத் துணி ஏற்றிப்போன வேன் கவிழ்ந்ததில் முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. கைகள் மட்டும் சக்கர நாற்காலி தள்ளித் தள்ளி முறுக்கேறி இருந்தன.

அவனை அம்மாதான் குளிக்க வைத்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தலையிலிருந்து கால்வரை அவரே தேய்த்து விடுவார். குளித்து முடிக்கும்வரை அவன் சுவரைப் பார்த்தபடியே இருப்பானாம். நாங்கள் அளவெடுக்கப் போன அன்று அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அக்கா, நானே கதவச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக் குளிக்கோணும். அப்படி ஒண்ணு பண்ணித் தர முடியுமாங்க?"

நான் ஜெபஸ்டினைப் பார்த்தேன். ஜெபஸ்டின் அன்றைய இருபது வார்த்தையில் ஒன்றைச் செலவழித்து, "முடியும்" என்றார்.

திட்டம் இதுதான். சக்கர நாற்காலியின் உயரத்துக்கே ஒரு கறுப்பு கிரானைட் கல். அதன் நடுவில் குளியல் தொட்டியின் அளவுக்கு வெட்டிய திறப்பு. முன்பக்கம் கல் அகலமாக இருக்கும். அவன் நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றிக் கல்லின்மேல் நகர்ந்து உட்கார்ந்து, காலைத் தூக்கி உள்ளே வைத்து, சுவரில் பதித்த கம்பியைப் பிடித்துத் தொட்டிக்குள் இறங்கிக்கொள்ளலாம். தொட்டியின் விளிம்பு கல்லுக்கு மேலே ஏறியிருந்தால் நகரும்போது தொடையில் உரசும். உரசினாலும் அவனுக்குத் தெரியாது. ஒரு சின்னச் சிராய்ப்பு புண்ணாகி மாதக்கணக்கில் படுக்க வைத்துவிடும். அதனால்தான் தொட்டியைக் கல்லுக்கு அடியில் இறக்கினோம். கல்லின் பாரம் முழுவதும் செங்கல் சுவரில் நிற்கும். தொட்டி கீழே சிமெண்டுக் கலவைப் படுக்கையில் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அரைவிரல் சந்துதான் என் வேலை.

அந்தச் சந்து வழியாக மூன்றாம் நாளே தண்ணீர் இறங்கிவிட்டது.

எங்கள் ஆட்களைத் தொட்டியில் உட்கார வைத்தாலும் சொம்பில் மொண்டு தலையில் ஊற்றாவிட்டால் குளித்த மாதிரியே இருக்காது. கௌதமனும் அப்படித்தான் சந்தோஷமாக ஊற்றியிருக்கிறான். கல்லின்மேல் விழுந்த தண்ணீர் சந்துக்குள் இறங்கி, தொட்டியின் அடியில் தேங்கி, பின்சுவரில் பழுது பார்ப்பதற்காக நாங்கள் வைத்திருந்த சின்னக் கதவு வழியாகப் படுக்கையறைக்குள் வந்துவிட்டது. அங்கேதான் அம்மா உட்கார்ந்திருந்தார். தண்ணீரைப் பார்த்ததும் பையனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கத்தியிருக்கிறார். அவன் உள்ளேயிருந்து, "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்று கத்தியது அவர் காதில் விழவில்லை. தறி ஓட்டும் இரண்டு ஆண்களும் தறிக்கு நூல் சுற்றித் தரும் முத்தாயம்மாளும் ஓடி வந்து, தாழ்ப்பாளை உடைத்து உள்ளே போய்விட்டார்கள். அவன் உடம்பில் ஒட்டுத் துணி இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கௌதமன் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எடுத்துருங்கக்கா. எனக்கு அந்தப் பழைய சேரே போதும்."

"கல்லைத் தூக்கிப் பார்க்கிறோம் தம்பி. என்ன கோளாறுன்னு தெரிஞ்சா..."

"எடுத்துருங்கன்னு சொன்னனுங்க."

எனக்கு யார்மேல் எரிந்து விழுவதென்று தெரியவில்லை. சிலிக்கான் விற்ற கடைக்காரரைத் திட்டினேன். கல் வெட்டியவரைத் திட்டினேன். தொட்டியைச் சரியாக மட்டம் பார்க்கவில்லை என்று ஜெபஸ்டினைத் திட்டினேன். அவர் ரசமட்டத்தை எடுத்துத் தொட்டிமேல் வைத்துக் காட்டினார். குமிழி நட்டநடுவில் நின்றது.

தறி ஆட்களைக் கூப்பிட்டு ஆறு பேராகக் கல்லைத் தூக்கினோம். சாதாரணமாக என் ஒட்டைப் பிரிக்கக் கத்தி போட்டு அறுக்க வேண்டியிருக்கும். இது தூக்கியதுமே வந்துவிட்டது. கல்லை முன்வாசலுக்குக் கொண்டுவந்து சுவரில் சாய்க்கச் சொல்லி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். சிலிக்கான் முழுவதும் தொட்டி விளிம்போடு அப்படியே இருந்தது, கல்லில் ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை. விரலை வைத்துத் தேய்த்தேன். வழுக்கியது. மூக்கில் வைத்துப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

நிமிர்ந்து பார்த்தேன். கோகிலவாணியம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்துவிட்டது. என் கையைப் பிடித்துத் தறிக்கூடத்துக்குள் இழுத்துக்கொண்டு போனார். தறி ஓடுகிற சத்தத்தில் அவர் என் காதோடு வாயை வைத்துத்தான் பேச வேண்டியிருந்தது.

"நாந்தானுங்க தடவுனேன். கல்லு வந்து எறங்கிக் கெடந்துச்சில்லீங்க, மக்யா நாளு விடியால, நீங்க வாரதுக்கு முன்னால."

"எதுக்குங்க?" என்று கத்தினேன். "உலகத்துல யாராவது ஒட்டுப் போடற கல்லுக்கு எண்ணெய் தடவுவாங்களா?"

"எங்கம்மா ஊட்டுல கைத்தறிங்க. பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக் காஞ்சதும் எண்ணெய் தடவி உடுவோம். இல்லீன்னா உரசி உரசி நூலு அறுந்துபோகும். என்ற பையன் அந்தக் கல்லுமேல தெனமும் நகரோணுமே, அவனுக்கு உரசறது தெரியாதே, தோலு அறுந்துபோச்சுன்னா என்ன பண்றதுன்னு... மேல மட்டும் தடவுனாப் போதும்னு தெரிலீங்க. ஓரம், அடி, எல்லாத்துக்கும் தடவி உட்டுட்டனுங்க."

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. கல் வழுக்கினால் பையன் விழுந்துவிடுவான் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை. அவர் கண்ணில் பட்டதெல்லாம் அந்தத் தோல் ஒன்றுதான்.

"அவங்கிட்டச் சொல்லிப்போடாதீங்க கண்ணு," என்றார். "நான் வேணும்னு கெடுத்ததா நெனச்சுக்குவான். தனியாக் குளிக்கறது வேண்டாஞ்சாமி, பயமா இருக்குதுன்னு மொதல்லயே நான் சண்ட போட்டனுங்க. 'நீ என்னய உடவே மாட்டே'ன்னு அன்னைக்கே சொன்னான்."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஒட்டுவதற்கு முன்னால் கல்லைப் பெயிண்ட் தின்னர் தொட்டுத் துடைக்க வேண்டியது நான். எப்போதும் துடைப்பேன். அன்றைக்கு ஆறு பேர் கல்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரங்கக்கா, கை உட்டுரும்" என்று நின்றார்கள். கல்லும் கழுவி வைத்தது போலக் கறுகறுவென்று மின்னியது. அந்த மினுமினுப்பில் ஏமாந்து, துடைக்காமல் விட்டுவிட்டேன். துடைத்திருந்தால் எண்ணெய் அன்றைக்கே கையில் பட்டிருக்கும். பதினோரு வருடப் பெருமை எல்லாம் எண்ணெயோடு எண்ணெயாகப் போனது.

அன்று மாலை நானே கௌதமன் அறைக்குப் போனேன்.

"என் தப்பு தம்பி. கல்லைத் துடைக்காம ஒட்டிட்டேன். அதனாலதான் பிடிக்கலை. மறுபடி போட்டுத் தர்றேன்."

அவன் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. அந்த ஜன்னல் முன்வாசலைப் பார்த்து இருந்தது. கல் வந்து இறங்கிக் கிடந்த இடம் அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

"அம்மா எண்ணெய் தடவுனத நான் பார்த்தனுங்கக்கா," என்றான். "விடியால தூக்கம் வராம இங்கதான் உக்காந்திருந்தேன். அப்ப ஒண்ணும் தோணல. இன்னைக்கு நீங்க மோந்து பார்த்துட்டு அம்மாவப் பார்த்தீங்களே, அப்பத்தான் புரிஞ்சுது."

அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"வேணும்னே பண்ணுச்சுங்களாக்கா?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரண்டு வருடமாகத் தன்னைக் கழுவித் துடைத்து வளர்க்கும் கையைச் சந்தேகப்பட வேண்டி வந்துவிட்டதே என்று அவனுக்கே வலித்தது போலிருந்தது. சொல்ல மாட்டேன் என்று கொடுத்த வாக்கு எனக்கு மறந்துபோனது.

"ஏன் தம்பி, நீங்க தறிக்காரங்க வீட்டுப் பையன்தானே? பாவுக்கு எதுக்கு எண்ணெய் தடவறாங்க?"

"நூலு அறாம இருக்க."

"அறுக்கறதுக்கு யாராவது தடவுவாங்களா?"

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து தன் தொடையைப் பார்த்தான். அதன்மேல் கையை வைத்து, லுங்கியோடு சேர்த்து மெதுவாகத் தடவினான். கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

"எவ்வளவு நாளாகுங்கக்கா?" என்று கேட்டான்.

"எண்ணெயை எடுக்க இரண்டு நாள். ஒட்டறதுக்கு ஒரு நாள். காயறதுக்கு இரண்டு நாள். ஆனா ஒட்டற அன்னைக்கு நீங்க தொட்டிக்குள்ள உட்காரணும்."

"நானா?"

"வெறும் தொட்டியில ஒட்டினா, அப்புறம் ஆள் இறங்கும்போது தொட்டி ஒரு மயிரிழை கீழ இறங்கும். அப்ப ஒட்டு இழுபட்டுக் கிழியும். அதனால பாரத்தை வச்சுட்டுத்தான் ஒட்டணும். உங்க பாரம்தான் வேணும்."

இதில் பாதி உண்மை. பாரம் வேண்டும்தான். ஆனால் அதற்குத் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தாலே போதும், போன தடவையும் அப்படித்தான் செய்தோம். ஜெபஸ்டின் கதவருகில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார். நல்லவேளை, அவர் பேசாத மனுஷன்.

கல்லில் ஊறிய எண்ணெயை எடுக்கச் சுண்ணாம்புப் பொடியைத் தின்னரில் குழைத்துப் பூசி, பாலிதீன் போட்டு மூடி வைக்க வேண்டும். காய்ந்ததும் சுரண்டிவிட்டு மறுபடி பூச வேண்டும். "நான் பூசறனுங்க" என்று கோகிலவாணியம்மா வந்து உட்கார்ந்தார். கையுறையைப் போட்டுவிட்டேன். பாவுக்குக் கஞ்சி போட்ட கை, ஒரு திட்டு விடாமல் பூசியது. மூன்றாம் நாள் காலையில் நான் தின்னர் தொட்டு வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. அவரிடம் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னேன். அப்புறம் நானும் ஒருமுறை துடைத்தேன். இந்த முறை ஆறு பேருக்கும் கை விட்டுப் போனாலும் பரவாயில்லை என்று துடைத்தேன்.

தொட்டி விளிம்பில் கனமாக ஒரு வரி சிலிக்கானை இழுத்து, கல்லை இறக்கி உட்கார வைத்தோம். உள்பக்கச் சந்து மட்டும் பாக்கி. தொட்டியில் முக்கால் அளவு தண்ணீர் பிடித்தோம்.

கௌதமன் அரைக்கால் சட்டையும் பனியனுமாக நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். அம்மா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். கல்லில் கையை ஊன்றினான், உடம்பைத் தூக்கினான், கல்லின்மேல் வந்து உட்கார்ந்தான். ஒரு காலை இரண்டு கையாலும் எடுத்து உள்ளே வைத்தான். பிறகு இன்னொரு கால். கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கினான். தண்ணீர் நாலு விரல் உயர்ந்து நின்றது. நீட்டிய கையோடு அம்மா அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

சந்தின் மேலும் கீழும் டேப் ஒட்டிவிட்டு ஒரு மூலையிலிருந்து இழுக்க ஆரம்பித்தேன். பேக்கரியில் கல்யாணக் கேக்குக்குக்கூட நான் அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு கோடு போட்டதில்லை. சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை கௌதமனே பிடித்துக்கொண்டான். நான் விரலை நனைத்து நனைத்து வரியை வழித்துக்கொண்டே சுற்றி வந்தேன். அவன் தோளுக்குப் பின்னால் வந்தபோது மெல்லக் கேட்டான்.

"அக்கா, தண்ணி மட்டும் இருந்தாலே பாரம் சரியாப்போகுமில்லீங்க?"

"வாயை மூடிட்டு ஆடாம உட்காருங்க தம்பி."

அவன் சிரித்தான். அந்த வீட்டில் அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ஜெபஸ்டின்கூடச் சிரித்தார்.

அவன் மேலே ஏறி வந்த பிறகு, பாரம் குறையாமல் இருக்க, தண்ணீர் உயர்ந்து நின்ற அதே கோடுவரை குழாயைத் திறந்து பிடித்து வைத்தோம். இரண்டு நாள் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தோம்.

சனிக்கிழமை காலையில் நாங்கள் போனபோது கௌதமன் தலைக்கும் உடம்புக்கும் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு தயாராக இருந்தான். எண்ணெயைப் பார்த்ததும் என் கண் தானாகக் குளியலறைப் பக்கம் போனது. ஒட்டு காய்ந்துவிட்டது, இனி ஒன்றும் செய்யாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இறங்கும்போது வழுக்கக்கூடாது என்று உள்ளங்கையையும் தொடையையும் மட்டும் துடைத்துக்கொள்ளச் சொன்னேன். ஜெபஸ்டின் புதுத் தாழ்ப்பாள் பொருத்தியிருந்தார். அவன் உள்ளே போனான். கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

நானும் கோகிலவாணியம்மாவும் படுக்கையறையில் அந்தச் சின்னக் கதவின் முன்னால் தரையில் உட்கார்ந்தோம். கதவைத் திறந்து, அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து வைத்தேன். ஒரு சொட்டு விழுந்தாலும் தாளில் தெரிந்துவிடும். உள்ளே சொம்புச் சத்தம் ஆரம்பித்தது. ஒரு சொம்புக்கும் அடுத்த சொம்புக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விழுந்தால் அம்மா எழுந்துவிடுவார். நான் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பேன். இப்படி ஏழெட்டு முறை.

அரைமணி நேரத்துக்குப் பிறகு சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது.

அம்மா எழுந்தார். இந்த முறை நான் பிடிப்பதற்குள் போய்விட்டார். குளியலறைக் கதவுக்கு முன்னால் நின்று, தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். கை அந்தரத்தில் நின்றது. உதடு மட்டும் "சாமி, சாமி" என்று அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு அந்தக் கையால் தன் வாயையே பொத்திக்கொண்டு திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவர் தோளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். காப்பாற்றுவதற்கு ஓடிப் போவதைவிடச் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கூடவே ஏதோ ஒரு பாட்டை அவன் முணுமுணுக்கிற சத்தமும். செய்தித்தாளை எடுத்துப் பார்த்தேன். எழுத்து எழுத்தாகக் காய்ந்து கிடந்தது. "ஒழுகலைம்மா" என்றேன். அவர் தலையாட்டினார், அவருக்கு அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

ஒன்றே கால் மணி நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. கௌதமன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். சட்டை போட்டிருந்தான், பொத்தான்கூட ஒழுங்காகப் போட்டிருந்தான். வேட்டி கட்டியிருந்தான். கால் விரல் இடுக்குவரை ஈரம் இல்லாமல் துடைத்திருந்தான். தலைமுடி மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மடியில் ஒரு துண்டு மடித்தது மடித்தபடி இருந்தது.

நேராக அம்மாவின் முன்னால் வந்து நாற்காலியை நிறுத்தினான். துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தான்.

"தொவட்டி உடும்மா," என்றான்.